ஆறாம் வகுப்பு பி-யின் புது டீச்சர்

நசீமா டீச்சர் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. மந்தைவெளி பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். நம் ஆசிரியர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு படமும் இரண்டு வரிகளும் வந்திருந்தன. படம் பழையது. வரிகளில் நேரமும் இல்லை, இடமும் இல்லை. உயிரோடு இருப்பவர்களுக்கு அஞ்சலி செலுத்திவிட்டு மறுநாள் மன்னிப்புக் கேட்பது இப்போது சகஜமாகிவிட்டது. கீழே இருபது பேர் கைகூப்பும் படத்தைப் போட்டிருந்தார்கள். அதில் ஒருவராவது போன் போட்டு விசாரித்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். நான் டீச்சரின் எண்ணுக்கே போட்டேன். அவரே எடுத்து, "இன்னா மூர்த்தி சார், செக் பண்றீங்களா?" என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவருடைய கணவர் கபூர் பாய்தான் எடுத்தார். "ஆமா சார், காலைல மௌத்தாயிட்டா. வாங்க," என்றார். என்னுடைய பஸ் வந்து நின்றது, போனது. நான் ஏறவில்லை.

சிறுநீரகக் கோளாறுக்காக அவர் ஆறேழு மாதங்களாக மருத்துவமனைக்குப் போய்வந்தது நம் எல்லோருக்கும் தெரியும். பள்ளி திறக்க மூன்று வாரம் இருக்கும்போது போய்விட்டார். நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி தலைமையாசிரியை என்னைக் கேட்டார். "நீங்கதான் சார் அவங்ககூட நல்லாப் பழகினவர்," என்றார். பழகியது உண்மை. ஆனால் அவரை அறிந்த உங்கள் முன்னால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் மேலே ஒரு வரிகூட எழுத எனக்குக் கை வரவில்லை. ஒன்பது வருடங்களுக்கு முன் அவரைப் பற்றி நம் தாளாளருக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது, நினைவிருக்கும். அலுவலகத்தில் இருந்த தேவராஜ்தான் எழுதியிருப்பார் என்று உங்களில் பலர் முடிவு கட்டினீர்கள். அவர் ஓய்வு பெறும்வரை சிலர் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தக் கடிதத்தை எழுதியது நான்.

என் குணம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஆட்டோவில் ஏறினால் கைபேசியில் வழியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் உட்காருவேன். பரீட்சையில் எல்லாக் கணக்கையும் சரியாகப் போட்ட பையனைக் கூப்பிட்டு மறுபடி போடச் சொல்வேன். "உங்களுக்கு உங்க நிழல் மேலயே டவுட்டு," என்பாள் என் மனைவி. யாராவது காரணமில்லாமல் நல்லது செய்தால் அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றும். அப்படிப்பட்டவன் கண்ணில்தான் நசீமா டீச்சர் ஒரு ஜூன் மாதத்தில் பட்டார்.

ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாந்தோம் கடலோரத்துக் குப்பங்களிலிருந்து சில பிள்ளைகள், ஆழ்வார்பேட்டை வீடுகளில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள், ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்து பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டும் பழைய ஊர்ப் பள்ளியை விட மனமில்லாமல் இரண்டு பஸ் மாறி வரும் பிள்ளைகள். முதல் நாள் ஒன்றும் வாயைத் திறக்காது. அன்று நான் மாடிப்படியில் நின்றிருந்தேன். டீச்சர் வகுப்புக்குள் நுழையாமல் வாசலிலேயே நின்றார். வருகைப் பதிவேட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, நிலைப்படிக்கு மேல் எழுதியிருந்ததை அண்ணாந்து பார்த்தார்.

"ஏம்மா, இதான் சிக்ஸ்த் பி-யா?" என்று முன் பெஞ்சைக் கேட்டார். பதில் இல்லை. "நான் இன்னிக்குத்தான் வந்தேன். எனக்கு ஒண்ணும் தெரியல. தண்ணி எங்க புடிக்கிறது, பாத்ரூம் எங்க கீது, ஒண்ணும் புரியல. யாரையாவது கேக்கலாம்னா பயமா கீது."

நம் பள்ளியில் அவருக்கு அது நான்காவது ஜூன்.

பெஞ்சுகளில் ஒரு அசைவு வந்தது. குப்பத்துப் பெண் ஒருத்தி எழுந்தாள். "இன்னா டீச்சர், நீயும் புதுசா? வா, தேடிப் பாக்கலாம்," என்றாள். நாற்பது பிள்ளைகளும் வெளியே வந்தார்கள். அவர்கள் முன்னால், டீச்சர் பின்னால். எதிர்ப்பட்ட கதவையெல்லாம் தள்ளிப் பார்த்தார்கள், பூட்டியிருந்த ஆய்வுக்கூடத்து ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். கழிப்பறையைக் கண்டுபிடித்த பெண் கூவி மற்றவர்களை அழைத்தாள். படியில் என்னைக் கடக்கும்போது டீச்சர் முன்பின் பார்த்திராதவர்போல் நின்று, "சார், குடிதண்ணி பைப் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். அன்று காலைதான் என் டிபன் பாக்ஸிலிருந்து ஒரு இட்லியை எடுத்துச் சாப்பிட்டிருந்தார். கையை மட்டும் காட்டினேன்.

மதியம் ஆசிரியர் அறையில் நேராகவே கேட்டேன், எதற்கு இந்தப் பொய் என்று. அவர் சிரித்தார். "நான் வழி காட்டினா அதுங்க என் பின்னாடி வரும் சார். அதுங்க வழி காட்டினா ஸ்கூல் அதுங்களுது ஆயிடும்," என்றார். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. அதனாலேயே எனக்கு நம்பிக்கை வரவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு ஜூனிலும் அவரைக் கவனித்தேன். முதல் வாரம் பாடம் நடத்தாமல் தப்பிக்கும் வழியாக இருக்குமோ என்று பார்த்தேன். அறிவியல் பாடம் எல்லோரையும்விட முன்னதாக அவர்தான் முடித்தார். வீட்டில் ட்யூஷனுக்கு ஆள் பிடிக்கிறாரோ என்று பிள்ளைகளிடம் சுற்றி வளைத்து விசாரித்தேன். ட்யூஷன் என்ற பேச்சே இல்லை. நல்லாசிரியர் விருதுக்கு அடி போடுகிறார் என்று நினைத்தேன். விண்ணப்பத்தைத் தலைமையாசிரியை நீட்டியபோது, நிரப்பச் சோம்பல் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒவ்வொரு கதவாக மூடிக்கொண்டே வந்தது. என் சந்தேகம் மட்டும் குறையவில்லை.

பொய் எப்படியும் மூன்றாவது நாள் உடைந்துவிடும். அண்ணனோ அக்காவோ மேல்வகுப்பில் இருப்பார்கள். ஒரு வருடம் அப்படி உடைந்த நேரத்தில் நான் பக்கத்து வகுப்பில் இருந்தேன். ஒரு சின்னப் பெண்ணின் குரல் சுவரைத் தாண்டி வந்தது. "எங்க அக்கா சொல்லிச்சு. நீ எட்டு வருசமா இங்கதான் கீறியாம். எங்கள ஏமாத்திகினு கீற." அடுத்து அடி விழும் என்று எதிர்பார்த்தேன். டீச்சர் அமைதியாக, "ஆமா, பொய்தான் சொன்னேன். முந்தாநேத்து உன் பேரைக் கேட்டதுக்கே அழுத. இன்னிக்கு என்கிட்ட சண்டைக்கு வர்ற. உக்காரு, நோட்டை எடு," என்றார். வகுப்பே சிரித்தது. அந்தப் பெண்ணும்தான்.

கடிதத்துக்கு வருகிறேன். அந்த வருடம் ஆட்டோ ஓட்டும் அப்பா ஒருவர் தலைமையாசிரியையிடம் சண்டைக்கு வந்தார். "புது டீச்சரைப் போட்டுக்கீறீங்களாமே. அதுக்கு பாத்ரூம் எங்க கீதுன்னே தெரியலன்னு பொண்ணு பாவப்படுது. அது எப்படிம்மா பாடம் சொல்லித் தரும்?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் அவரும் சிரித்துவிட்டுப் போனார். நான் சிரிக்கவில்லை. இத்தனை வருடம் தேடியதற்குக் கையில் ஒரு பிடி கிடைத்ததாக நினைத்தேன். லஸ் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் தட்டச்சு செய்யச் சொன்னேன். இந்த ஆசிரியை தன் பணிக்காலத்தை மறைத்துப் பெற்றோரை ஏமாற்றுகிறார், இதை மறைப்பவர் இன்னும் எதையெதை மறைக்கிறாரோ, சான்றிதழ்களைச் சரிபார்க்க வேண்டும் என்று நான்கு வரிகள். பெயர் போடவில்லை. அவர் பெயர் நசீமாவாக இல்லாமல் வேறு ஏதாவதாக இருந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருப்பேனா என்று பல நாள் என்னையே கேட்டிருக்கிறேன். போயிருப்பேன் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது.

தாளாளர் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். டீச்சர் இரண்டு நாள் அலுவலகத்துக்கு வெளியே மர பெஞ்சில், ஒரு பிளாஸ்டிக் கவரில் எல்லாச் சான்றிதழ்களையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாணவர்கள் போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டு போனார்கள். எல்லாம் அசல்தான், எதிலும் குறையில்லை. இருந்தாலும் பேச்சு வந்துவிட்டது என்று மறு வருடம் அவரை ஒன்பதாம் வகுப்புக்கு மாற்றினார்கள். ஆறாம் வகுப்பு பி என்னிடம் வந்தது.

முதல் நாள் நான் பொய் சொல்லவில்லை. பெயரைச் சொன்னேன், கணித ஆசிரியர் என்றேன், பத்து விதிகளைக் கரும்பலகையில் எழுதினேன். கழிப்பறை தரைத்தளத்தில் வலக்கோடியில் இருக்கிறது, இடைவேளையில் மட்டும் போகலாம் என்பது அதில் ஒன்று. எல்லாம் உண்மை. மதியத்துக்கு மேல் மூன்றாவது பெஞ்சுக்கு அடியில் தண்ணீர் ஓடி வந்தது. வேண்டுமென்றே யாரோ பாட்டிலைக் கவிழ்த்து என்னைச் சோதிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. "யார் கொட்டினது? எழுந்திரு," என்று அதட்டினேன். யாரும் எழவில்லை. அந்த பெஞ்சையே எழுப்பி நிற்க வைத்தேன். பவித்ரா என்ற பெண்ணின் பாவாடை நனைந்திருந்தது. இடைவேளையில் அந்தக் கழிப்பறை வாசலில் பெரிய வகுப்புப் பெண்கள் கூட்டமாக நின்றதைப் பார்த்துப் பயந்து திரும்பி வந்திருக்கிறாள். என்னிடம் கேட்க அதைவிடப் பயம். வகுப்பு சிரித்தது. மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

நான் பதிவேட்டில் விடுப்பு என்று போட்டுக்கொண்டே வந்தேன். இரண்டாவது சனிக்கிழமை காலை, பள்ளியில் சிறப்பு வகுப்பு முடிந்ததும், நசீமா டீச்சர் என் மேஜைக்கு வந்தார். "சார், உங்க கிளாஸ்ல ஒரு பொண்ணு வரலையாமே. பெரும்பாக்கமாம். வாங்க, போய்ட்டு வந்துடலாம்," என்றார். என் வகுப்பு விஷயம் இவருக்கு எப்படித் தெரிந்தது, இவருக்கு இதில் என்ன லாபம் என்றுதான் முதலில் யோசித்தேன். மறுக்க ஒரு காரணமும் கிடைக்காததால் கிளம்பினேன். பஸ் ஏறும் முன் ஒரு கடையில் நிறுத்தி, "வெயில் சார், குடிங்க," என்று பெரிய தம்ளரில் நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுத்தார். வழியில் மாறும் இடத்தில் மோர். இரண்டு இடத்திலும் அவர் குடிக்கவில்லை. அதை அப்போது நான் கவனிக்கவில்லை.

பெரும்பாக்கத்தில் எல்லாக் கட்டடமும் ஒரே மாதிரி இருந்தன. ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் வந்ததில் எனக்கு அவசரம் தாங்கவில்லை. அறுபது பேர் வேலை செய்யும் பள்ளியின் மூத்த ஆசிரியன், தெரியாத இடத்தில், கூட வந்திருப்பவர் ஒரு பெண். யாரிடம் போய் எப்படிக் கேட்பது? ஒரு கட்டடத்தின் கீழே பவித்ரா குடத்தோடு நின்றிருந்தாள். எங்களைப் பார்த்ததும் ஓடப் பார்த்தாள். டீச்சர் அவளை முன்பின் தெரியாதவர்போல், "ஏம்மா, நாங்க ரெண்டு பேரும் இங்க புதுசு. எல்லாமே ஒண்ணு மாதிரி கீது. இந்த சாருக்கு பாத்ரூம் போவணும், கேக்க வெக்கப்பட்டுகினு நிக்கிறாரு. எங்கயாவது கீதா?" என்றார்.

பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். டீச்சர் சொல்வது உண்மைதானா என்று அவள் பார்த்த பார்வை நான் மற்றவர்களைப் பார்க்கும் பார்வைதான். என் முகத்தைப் பார்த்து நம்பியிருக்க வேண்டும். "வா சார், எங்கூட்ல கீது," என்று குடத்தை அங்கேயே வைத்துவிட்டு முன்னால் நடந்தாள். ஐந்து மாடி ஏறினோம். ஒவ்வொரு மாடியிலும் நின்று, "இன்னும் ரெண்டுதான் சார், வந்துடுச்சு," என்றாள். நான் வெளியே வந்தபோது கதவுக்குப் பக்கத்தில் நின்று, கை கழுவத் தண்ணீர் ஊற்றினாள். "நானும் அன்னிக்கு உன்கிட்ட கேட்டிருக்கலாம் சார்," என்றாள். அவள் அம்மா, "இன்னா சார், நீங்களே வந்துகீறீங்க," என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். திங்கட்கிழமை பவித்ரா முதல் ஆளாக வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். அந்த சர்பத்தும் மோரும் தற்செயல்தானா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் என் சந்தேகம் சரியாகத்தான் இருக்கும்.

மறு ஜூனுக்குள் தலைமையாசிரியையிடம் மன்றாடி ஆறாம் வகுப்பை அவருக்கே திரும்பக் கொடுக்க வைத்தேன். ஆனால் கடிதத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. இரண்டு முறை ஆரம்பித்தேன். ஒரு முறை மணி அடித்துவிட்டது. இன்னொரு முறை, "டீச்சர், அந்த லெட்டர் விஷயம்..." என்று தொடங்கியதுமே அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "விடுங்க சார். எழுதினவரு பாவம், யாரையும் நம்பாம எப்படித்தான் தூங்குறாரோ." என்னைப் பார்த்துச் சொன்னாரா, கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாரா, தெரியவில்லை. அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கோழை என்று சொல்லிக்கொள்ளலாம், தவறில்லை.

அடக்கம் முடிந்து நான்காம் நாள் கபூர் பாயைப் பார்க்கப் போனேன். தி. நகரில் தையல் கடை வைத்திருக்கிறார். வீட்டிலும் ஒரு மிஷின் உண்டு. டீ கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். "உங்களப் பத்தி நெறைய சொல்லுவா சார். அந்த லெட்டர் வந்தப்போ எனக்கு ஸ்கூல்ல எல்லார் மேலயும் ஆத்திரம். யாரா இருக்கும்னு ரொம்ப நாள் கேட்டுகினே இருந்தேன். ஒரே ஒரு தபா பதில் சொன்னா. 'யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா மூர்த்தி சார் இல்ல. அவரு பெரும்பாக்கம் வரைக்கும் எங்கூட வந்தவரு'ன்னா. அன்னிலேர்ந்து அந்த ஸ்கூல்ல நான் நம்புற ஒரே ஆளு நீங்கதான்."

டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். வரும் வழியெல்லாம் அதையே புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். டீச்சருக்கு உண்மையிலேயே தெரியாதென்றால், கடைசிவரை அவரை ஏமாற்றியிருக்கிறேன். தெரிந்திருந்தும் அப்படிச் சொன்னாரென்றால், அவர் இல்லாத வீட்டுக்குள் நான் முதன்முதலாக நுழையும் நாளில் கூசாமல் உட்கார ஒரு நாற்காலியைப் போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இத்தனை வருடம் ஒருவரை வேவு பார்த்த எனக்கு இரண்டில் எது என்று கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

இந்தப் பக்கம் அச்சுக்குப் போகும் முன் மறுபடி போய் கபூர் பாயிடம் சொன்னேன். வாசலில் நின்றே சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். சத்தம் போடவில்லை. சட்டைத்துணி ஒன்று கையில் இருந்தது, அதை மடித்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அவ இருக்கறப்போ அவகிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்போ எங்கிட்ட எதுக்கு சொல்றீங்க? ஒருத்தர நம்பிகினு இருந்தேன். அதையும் எடுத்துட்டீங்க," என்றார். உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை. உட்காரவும் சொல்லவில்லை. சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அவர் கேட்டது சரி. தேவராஜ் மீது விழுந்த பழியை நீக்க இதை உங்களிடம் சொல்லியே ஆக வேண்டியிருந்தது. மற்றபடி இது யாரும் பங்கு போட்டுக்கொள்ளக்கூடிய பாரமல்ல, என்னுடையது. நானே வைத்துக்கொள்கிறேன். இதோடு, தலைமையாசிரியையிடம் கேட்டு ஆறாம் வகுப்பு பி-யையும் வாங்கிக்கொண்டிருக்கிறேன். பள்ளி திறக்கும் நாளில் அந்த வாசலில் நின்று, நான் இன்றுதான் வந்தேன், எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லப்போகிறேன். என் நரைத்த தலையைப் பார்த்து ஒரு பிள்ளையும் நம்பாது. நம்பும்வரை வாசலிலேயே நிற்பேன்.